ஸ்காட்லாந்து மேற்குத் தீவுகளுக்கு நாமே கார் ஓட்டிப் போவது: வழி, ஃபெர்ரி, தங்குமிடம் பற்றி யோசனை தேவை

வைகைக்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். வரும் ஜூன் மாதம் அப்பா, அம்மா, மனைவி, ஏழு வயது மகளோடு ஸ்காட்லாந்து போகிறோம். மதுரையிலிருந்து கிளம்பி கிளாஸ்கோவில் இறங்கி, அங்கேயே கார் வாடகைக்கு எடுப்பதாக எண்ணம். கையில் இருப்பது இரண்டு வாரத்துக்கும் குறைவான நாட்கள். டூர் பஸ் வேண்டாம் என்பதில் வீட்டில் எல்லோரும் ஒரே முடிவு. அப்பா நில அளவைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். மலையையும் கடற்கரையையும் பார்த்தால் அரை மணி நேரமாவது நின்று பார்த்துவிட்டுத்தான் வண்டியில் ஏறுவார்.

இப்போதைக்கு எழுதி வைத்திருக்கும் பட்டியல்: எடின்பரோ, லாக் நெஸ், ஸ்கை தீவு, வடகரையைச் சுற்றும் என்.சி.500 கார்ப் பாதை முழுவதும், லூயிஸ், ஹாரிஸ், ஆர்க்னி, முடிந்தால் ஐலா. ஊரில் நிறைய வண்டி ஓட்டியிருக்கிறேன், வெளிநாட்டில் இதுதான் முதல். காரை ஃபெர்ரியில் ஏற்றுவது எப்படி, நம் ஊர் லைசென்ஸ் செல்லுமா, சுத்த சைவமான அம்மாவுக்குச் சாப்பாட்டுக்கு என்ன வழி? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

கிளாஸ்கோ வாசி எழுதியது:

வணக்கம் தம்பி. கிளாஸ்கோவில் ரொம்ப வருடமாக இருக்கிறேன், கோடை வந்தால் தீவுப் பக்கம் போய்விடுவேன். அந்த உரிமையில் நேரடியாகவே சொல்கிறேன். பட்டியலில் பாதிக்கு மேல் அடித்துவிடுங்கள்.

என்.சி.500 மட்டுமே 516 மைல், அதாவது 830 கிலோமீட்டர். இன்வெர்னஸ் கோட்டையில் தொடங்கி அங்கேயே முடிகிற வட்டம். நம் ஊர் நாற்கரச் சாலைக் கணக்கு இங்கே உதவாது. மேற்குப் பக்கம் பல இடங்களில் ஒரே ஒரு வண்டி போகிற அகலம்தான் ரோடு. எதிரில் வருகிறவருக்காக நின்று நின்று போக வேண்டும். மேப் இரண்டு மணி நேரம் என்று காட்டினால் மூன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் அப்பா இறங்கிப் பார்க்கிற நேரம் தனி.

ஆர்க்னி வடகோடியில் இருக்கிறது, ஐலா தென்மேற்கில். இரண்டையும் ஒரே பயணத்தில் சேர்த்தால் நீங்கள் பார்க்கப்போவது ஸ்காட்லாந்து இல்லை, வண்டியின் முன்கண்ணாடிதான்.

நான் சொல்வது ஒரே ஒரு தீவுச் சங்கிலி: வெளி ஹெப்ரிடீஸ். கிளாஸ்கோவிலிருந்து லாக் லோமண்ட் ஏரிக் கரையோரமாக ஏ82 நெடுஞ்சாலையில் ஏறி, கிளென்கோ பள்ளத்தாக்கு வரை போய், அங்கிருந்து ஓபன் துறைமுகத்துக்கு இறங்குங்கள். ஓபன் போக அது சுற்றுவழிதான். ஆனால் கிளென்கோவை விடக் கூடாது. ஓபனில் கப்பல் ஏறினால் ஏறத்தாழ ஐந்து மணி நேரத்தில் பாரா தீவின் காசில்பே. அங்கிருந்து வடக்கு நோக்கி ஒவ்வொரு தீவாக ஏறுங்கள்: பாரா, எரிஸ்கே, தெற்கு யூயிஸ்ட், பென்பெக்யூலா, வடக்கு யூயிஸ்ட், பெர்னரே, ஹாரிஸ், லூயிஸ். பாராவிலிருந்து எரிஸ்கேக்கு 40 நிமிடக் குட்டி ஃபெர்ரி. எரிஸ்கே தொடங்கி பெர்னரே வரை கடலுக்குள் கல் கொட்டிப் போட்ட சாலைகளே தீவுகளை இணைக்கின்றன. பெர்னரேயிலிருந்து ஹாரிஸின் லெவர்பரோவுக்கு ஒரு மணி நேர ஃபெர்ரி. அது பாறைகளுக்கு நடுவே மிதவைகளைப் பார்த்து வளைந்து வளைந்து போகும், மேல்தளத்தில் நின்று பார்க்க வேண்டியது. கடைசியில் லூயிஸின் ஸ்டோர்னோவேயிலிருந்து பெருநிலத்தில் உள்ள உல்லாப்பூலுக்கு இரண்டே முக்கால் மணி நேரம். அங்கிருந்து இன்வெர்னஸ் ஒன்றரை மணி நேர ஓட்டம்.

வண்டியை ஓட்டுவது நீங்கள் என்றாலும் உங்கள் நாட்களை நிர்ணயிப்பது கப்பல்தான். அதனால் முதலில் ஃபெர்ரி, பிறகு தங்குமிடம், கடைசியாகக் கார் என்ற வரிசையில் பதிவு செய்யுங்கள். ஆட்களுக்கு இடம் எளிதில் கிடைக்கும், காருக்கான இடம்தான் ஜூன், ஜூலையில் சீக்கிரம் நிரம்பிவிடும்.

யாழ்வாணி எழுதியது:

கிளாஸ்கோ அண்ணை சொன்னதைத்தான் நானும் சொல்லுவன். நான் லண்டனிலை இருக்கிறன், அம்மாவையும் கூட்டிக்கொண்டு இந்தத் தீவுகளுக்குப் போனனாங்கள். எல்லாரும் ஃபெர்ரியைப் பற்றித்தான் கதைக்கினம். ஆனா புதுசா வாறவை தடுமாறுறது றோட்டிலை.

ஒற்றை வழி றோட்டிலை கொஞ்சத் தூரத்துக்கு ஒருக்கா றோட்டு அகலமா இருக்கும். அதிலை ‘பாஸிங் பிளேஸ்’ எண்டு வெள்ளைப் பலகை நிக்கும். அது உங்கட இடக்கைப் பக்கம் இருந்தா உள்ளுக்கை ஒதுங்கி நில்லுங்கோ. வலக்கைப் பக்கம் இருந்தா றோட்டைக் குறுக்க வெட்டி அங்கால போகாதேங்கோ. அதுக்கு நேரெதிரா உங்கட பக்கத்திலையே நிண்டா, எதிர்ல வாறவர் அதுக்குள்ளை வளைஞ்சு உங்களைக் கடந்து போவார். ஏத்தத்திலை ஏறி வாற வண்டிக்கு முதல் இடம் குடுங்கோ. பாரமான லொறி வந்தா நீங்கள்தான் பின்னுக்கு எடுக்க வேணும், அதால றிவேர்ஸ் வடிவாப் பழகிக்கொண்டு வாங்கோ. றோட்டோரப் புல்லுக்கு மேல ரயர் போகக்கூடாது. பாக்கிறதுக்குத் தரை மாதிரித்தான் தெரியும், கீழ முழுக்கத் தண்ணி ஊறின கரிமண், புல்லுப் பூண்டு மக்கிச் சேர்ந்தது, காய வைச்சா விறகு மாதிரி எரியும்.

இன்னொரு விசயம். பின்னால ஒரு வான் வந்து கிட்ட நிண்டா அவர் உங்களை நெருக்கிறார் எண்டு நினைக்காதேங்கோ. அது தபால்காரரா இருக்கலாம், வீடு வீடாப் போய் முதியவைக்கு மருந்து கட்டுற தாதியா இருக்கலாம், ஃபெர்ரிக்கு ஓடுற ஆளா இருக்கலாம். எங்களுக்கு அது சுற்றுலா, அவைக்கு அது வேலைக்குப் போற றோட்டு. அடுத்த ஒதுங்கிடத்திலை இடப்பக்கச் சிக்னலைப் போட்டு நிண்டு அவரை விடுங்கோ. கடந்து போகேக்கை கட்டாயம் கை காட்டுவார், நீங்களும் காட்டுங்கோ. படம் எடுக்கிறதுக்கு மட்டும் ஒருக்காலும் அந்த இடத்திலை வண்டியை நிப்பாட்டிப் போட்டு இறங்காதேங்கோ. அங்க சனத்துக்கு வாற கோவத்திலை பெரிய பங்கு இதாலதான்.

தெற்கு யூயிஸ்ட் பக்கம் அந்தத் தாம்போதியிலை போகேக்கை ரண்டு பக்கமும் ஆழமில்லாத கடல், எனக்கு யாழ்ப்பாணத்திலை இருந்து வேலணைக்குப் போற பண்ணைப் பாலம்தான் ஞாபகத்துக்கு வந்தது. நீர்நாய் றோட்டைக் கடக்கும் எண்டு அங்க பலகை போட்டிருக்கினம். மெதுவாப் போங்கோ.

நெடுஞ்சாலை நேசன் எழுதியது:

நான் கொஞ்சம் மாறுபடறேனுங்க. மதுரையில இருந்து இவ்வளவு செலவு பண்ணி வர்றவங்க திரும்ப எப்ப வருவாங்கன்னு தெரியாது. ஸ்கையையும் வடகரையையும் பார்க்காம ஊர் திரும்பினா மனசு ஆறாது. 2015-ல என்.சி.500-ன்னு பேர் வச்ச பிறகு உலகம் பூரா ஆளுங்க தேடி வர்றாங்கன்னா சும்மாவா? ஆப்பிள்கிராஸ் போற பியாலக் நா பா கணவாய் கடல் மட்டத்துல இருந்து 626 மீட்டர் ஏறுது. வால்பாறை மலைப்பாதை ஓட்டிப் பழகினவங்களுக்கு அது பயமே இல்லை.

என் யோசனை, கேம்பர்வேன் எடுங்க. சமையல் உள்ளேயே, அம்மாவுக்குச் சைவச் சாப்பாட்டுப் பிரச்சினை தீர்ந்தது. ஹோட்டல் பதிவும் வேண்டாம், பிடிச்ச இடத்துல நிறுத்தித் தூங்கலாம். ஸ்காட்லாந்துல எங்க வேணும்னாலும் தங்க சட்டமே அனுமதிக்குது.

கிளாஸ்கோ வாசி எழுதியது:

நேசன், வடகரை அழகில்லை என்று நான் சொல்லவில்லை. டொரிடன் மலைகளை ஒரு முறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். ஆனால் நீங்கள் சொன்ன மூன்று விஷயங்களுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

முதலில் சட்டம். 2003-இல் வந்த நிலச் சீர்திருத்தச் சட்டம் திறந்த வெளியில் நடக்கவும், சைக்கிள் ஓட்டவும், சின்னக் கூடாரம் போட்டுத் தங்கவும் உரிமை தருகிறது. மோட்டார் வண்டிக்கு அந்த உரிமை கிடையாது. கேம்பர்வேனை யார் நிலத்திலும் நிறுத்தித் தூங்கலாம் என்பது இங்கே வருகிறவர்களிடம் பரவியிருக்கிற தவறான எண்ணம். கூடாரத்துக்கும்கூட லாக் லோமண்ட் கரையில் சில பகுதிகளில் மார்ச் முதல் செப்டம்பர் வரை அனுமதிச் சீட்டு வேண்டும். வேன் எடுத்தால் முறையான கேம்ப் சைட்டில் பதிவு செய்துதான் நிற்க வேண்டும். கழிவுத் தொட்டியைக் காலி செய்வதும் அங்கேதான்.

அடுத்து கணவாய். வால்பாறையில் நாற்பது கொண்டை ஊசி வளைவு இருந்தாலும் எதிரெதிராக இரண்டு வண்டி போகும். பியாலக் நா பாவில் ஒரே வண்டிதான். அடிவாரத்திலேயே பெரிய பலகை வைத்திருக்கிறார்கள்: ஓட்டப் பழகுகிறவர்கள், மிகப் பெரிய வண்டிகள், கேரவன்கள் வர வேண்டாம் என்று. பாதி ஏற்றத்தில் இரண்டு பெரிய வேன்கள் நேருக்கு நேர் வந்துவிட்டால் பின்னால் இருபது வண்டி நிற்கும். அதில் ஆம்புலன்ஸ் இருந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

கடைசியாக இவர் வீட்டு நிலைமை. வயதான இருவருக்குச் சின்ன வேனில் ஏறி இறங்குவதும் ராத்திரி கழிப்பறையும் சிரமம். காரும் கூரையுள்ள வீடும்தான் சரி. நீளமான வேனைவிடக் காருக்கு ஃபெர்ரிக் கட்டணமும் குறையலாம்.

வைகைக்கரை எழுதியது:

இவ்வளவு விரிவாக எழுதியதற்கு எல்லோருக்கும் நன்றி. யாழ்வாணி அக்கா, உங்கள் பதிவை அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன், “றிவேர்ஸ் பழகு” என்று எனக்கு உத்தரவே போட்டுவிட்டார். கேம்பர்வேன் வேண்டாம், ஆர்க்னியும் ஐலாவும் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டோம். கார் பற்றி இன்னும் தெளிவு வேண்டும். இன்சூரன்ஸ் என்று ஆன்லைனில் பார்த்தால் பத்து வகை வருகிறது.

வண்டிக்காரி எழுதியது:

எடின்பரோவில் பிழைப்புக்கே வண்டி ஓட்டுகிறவள் நான். தெரிந்ததைச் சொல்கிறேன்.

லைசென்ஸ்: சுற்றுலா வருகிறவர் செல்லுபடியாகும் தன் நாட்டு லைசென்ஸை வைத்துப் பன்னிரண்டு மாதம் வரை இங்கே கார் ஓட்டலாம். அது போக, வாடகைக் கம்பெனி தன் பங்குக்குச் சர்வதேச ஓட்டுநர் அனுமதி கேட்கலாம். ஊரிலேயே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எடுத்துக்கொண்டு வந்துவிட்டால் கவுண்டரில் வாக்குவாதம் இருக்காது. இங்கேயும் இடப்பக்கம்தான் ஓட்டுவது என்பதால் பாதிப் பயம் உங்களுக்கு இல்லை. ரவுண்டானாவில் மட்டும் கவனம், வலப்பக்கமிருந்து வருகிறவருக்கு வழி விட்ட பிறகுதான் நுழைய வேண்டும். யாரும் மூக்கை நுழைத்து வழி கேட்க மாட்டார்கள்.

ஆட்டோமேட்டிக் வேண்டுமானால் முன்னதாகவே சொல்லிவிடுங்கள், விலை கூடும். ஐந்து பேர், ஐந்து பெட்டி என்றால் சின்ன கார் போதாது. அதேசமயம் ஏழு இருக்கை வண்டியும் வேண்டாம், ஒற்றை வழி ரோட்டில் அதன் அகலம் உங்களைப் படுத்தும். நடுத்தர எஸ்டேட் கார், அதாவது பின்பக்கம் பெட்டி வைக்க நீளமாக இடம் உள்ள கார் எடுங்கள், பெட்டியைக் குறையுங்கள். உயரம் 135 செ.மீ. ஆகும் வரையோ பன்னிரண்டு வயது ஆகும் வரையோ, எது முந்துகிறதோ அதுவரை குழந்தைக்குச் சீட் கட்டாயம். மகளுக்கு பூஸ்டர் சீட் கேட்டு வாங்குங்கள்.

இன்சூரன்ஸில் தலைப்பைப் பார்க்காதீர்கள், எது சேராது என்ற பகுதியைப் படியுங்கள். பல திட்டங்களில் டயர், கண்ணாடி, வண்டியின் அடிப்பாகம் மூன்றும் சேராது. தீவு ரோட்டில் அடிபடுவது அந்த மூன்றும்தான். இன்னொன்று, எல்லாக் கம்பெனியும் காரைக் கப்பலில் ஏற்ற விடுவதில்லை. தீவுக்குக் கொண்டுபோகலாம் என்று மின்னஞ்சலில் எழுத்தாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

வேகம்: இருவழிச் சாதாரண ரோட்டில் காருக்கு மணிக்கு 60 மைல், நடுத்தடுப்பு இருந்தால் 70, ஊருக்குள் 30, சில இடங்களில் 20. திரும்பி வரும் ஏ9 நெடுஞ்சாலையில் இன்வெர்னஸ் முதல் டன்பிளேன் வரை சராசரி வேகம் பார்க்கிற கேமராக்கள் 2014 முதல் இருக்கின்றன. ஒரு கேமராவைத் தாண்டியதும் மிதித்தால் அடுத்ததில் மாட்டுவீர்கள். 60 என்று போட்டிருப்பதால் ஒற்றை வழி ரோட்டில் 60 போக வேண்டும் என்று அர்த்தமில்லை. வளைவுக்கு அந்தப் பக்கம் ஆட்டுக்குட்டி படுத்திருக்கும்.

விஸ்கி டிஸ்டில்லரி பார்க்கப் போகிறவர்களுக்கு: ஸ்காட்லாந்தில் 2014 டிசம்பர் முதல் வண்டி ஓட்டுகிறவருக்கு மது வரம்பு 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம், இங்கிலாந்தில் உள்ள 80-ஐவிடக் குறைவு. வண்டி ஓட்டுகிறவர் சொட்டுக்கூடத் தொட வேண்டாம். பல இடங்களில் ஓட்டுநரின் பங்கைச் சின்னக் குப்பியில் ஊற்றிக் கையில் கொடுத்துவிடுவார்கள்.

மலையகக் குரல் எழுதியது:

இந்த இழையை ஆரம்பத்திலிருந்து வாசித்து வருகிறேன். என் அம்மம்மா இலங்கை மலையகத்தில் பூண்டுலோயா டன்சினன் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். டன்சினன் என்பது ஸ்காட்லாந்தில் பெர்த் நகருக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு குன்று என்று பெரியவளான பிறகுதான் எனக்குத் தெரிந்தது. எங்கள் பக்கம் பெல்மோரல், ஹோலிரூட் என்று ஸ்காட்லாந்துப் பெயரோடு இன்னும் எத்தனையோ தோட்டங்கள் இருக்கின்றன. 1867-இல் லூல்கந்துராவில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லர் ஸ்காட்லாந்துக்காரர். துரைமார் தங்கள் ஊர்ப் பெயரை எங்கள் மலைக்கு வைத்தார்கள், தமிழகத்துக் கிராமங்களிலிருந்து வந்த எங்கள் சனம் அந்தப் பெயருக்குள்ளேயே பிறந்து வளர்ந்தது.

ஆனால் அதே நாட்டின் மலையிலும் தீவிலும் இருந்த ஏழைகளை அவர்களுடைய பிரபுக்களே வீட்டைவிட்டுத் துரத்தி, அந்த நிலத்தில் ஆடு மேய்த்தார்கள் என்று படித்திருக்கிறேன். அந்தச் சுவடுகளை இன்றும் பார்க்க முடியுமா? போகிறவர்கள் வெறும் கடற்கரைப் படத்தோடு திரும்பக் கூடாது என்பது என் விருப்பம்.

கிளாஸ்கோ வாசி எழுதியது:

பார்க்கலாம் சகோதரி, ஹாரிஸ் தீவில் கண் முன்னாலேயே இருக்கிறது. இதை வைகைக்கரை தம்பியும் கவனிக்க வேண்டும்.

ஹாரிஸின் மேற்குக் கரையில் லஸ்கென்டயர், ஸ்காரிஸ்டா பக்கம் வெள்ளை மணல், அதற்குப் பின்னால் சிப்பித் தூள் கலந்த புல்வெளி. இந்தத் தீவுகளின் மொழியான கேலிக்கில் அதை ‘மாக்கர்’ என்பார்கள். ஜூன், ஜூலையில் முழுக்கப் பூ. உழுது விதைக்க நல்ல மண் அங்கேதான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கிருந்த குடும்பங்களை அப்புறப்படுத்தி ஆட்டுப் பண்ணை வைத்தார்கள். பலர் கடல் தாண்டிப் போனார்கள். மீதிப் பேரைக் கிழக்குக் கரைக்குத் தள்ளினார்கள்.

அந்தக் கிழக்குக் கரை வழியாகப் போகிற ஒற்றை வழி ரோட்டுக்கு ‘தங்கச் சாலை’ என்று பெயர், போட ஆன செலவை வைத்து வந்த பெயர். அதில் வண்டியை மெதுவாக விட்டுப் பாறைகளுக்கு நடுவே பாருங்கள். நாலைந்து அடி அகலத்தில் மேடு மேடாகப் புல் வரிகள் தெரியும். மண்ணே இல்லாத பாறை மேல் கடற்பாசியையும் கரிமண்ணையும் முதுகில் சுமந்து வந்து குவித்து, அதில் உருளைக்கிழங்கு போட்ட பாத்திகள் அவை. குழி தோண்ட ஆழமில்லாததால் இறந்தவர்களை மலை தாண்டித் தூக்கிக்கொண்டு மேற்குக் கரைக்கே போய்ப் புதைத்தார்கள். அந்தப் பாதை இன்றும் நடைபாதையாக இருக்கிறது. காலையில் லஸ்கென்டயர் மணலையும் மதியம் அந்தப் பாத்திகளையும் ஒரே நாளில் பாருங்கள், அந்த ஊரின் கதை புரியும்.

1886-இல் வந்த சட்டம்தான் குறுநில விவசாயிகளுக்கு நிலத்தில் நிலையான உரிமை கொடுத்தது. இப்போது நிலைமை இன்னும் மாறியிருக்கிறது. 2003-இல் வடக்கு ஹாரிஸையும் 2006-இல் தெற்கு யூயிஸ்ட் எஸ்டேட்டையும் அங்கே வாழ்கிற மக்களே சேர்ந்து விலைக்கு வாங்கிவிட்டார்கள். லூயிஸில் ஆர்னோல் என்ற ஊரில் பழைய கறுப்பு வீடு ஒன்றைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். தடிமனான கல்சுவர், கூரை வேய்ந்தது, புகைபோக்கி இல்லை, நடுவில் கரிமண் கட்டி எரியும் அடுப்பு, ஒரே கூரையின் கீழ் ஆளும் மாடும். உள்ளே போய் வந்தால் சட்டையில் அந்தப் புகை வாசம் நிற்கும்.

சுவடிப்பிரியன் எழுதியது:

வைகைக்கரை அவர்களின் தந்தை நில அளவைத் துறை என்று எழுதியிருந்ததைப் பார்த்ததும் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இந்தியாவின் முதல் சர்வேயர் ஜெனரல் காலின் மெக்கன்சி பிறந்தது லூயிஸ் தீவின் ஸ்டோர்னோவேயில்தான். 1783-இல் சென்னைக்கு வந்தவர், மைசூர்ப் பகுதியை அளந்தார், 1815-இல் இந்தியா முழுமைக்கும் சர்வேயர் ஜெனரல் ஆனார். போன இடமெல்லாம் நம் ஊர்ப் பண்டிதர்களின் துணையோடு ஓலைச்சுவடி, கல்வெட்டுப் படி, ஊர் வரலாறு என்று திரட்டினார். அந்தத் தொகுப்பில் ஒரு பெரும் பகுதி சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் இருக்கிறது. தமிழக ஊர் வரலாறு தேடுகிறவர்கள் மெக்கன்சி சுவடிகளைத் தொடாமல் போக முடியாது. 1821-இல் இந்தியாவிலேயே இறந்தார், பிறந்த தீவுக்குத் திரும்பவே இல்லை. உங்கள் தந்தை அந்தத் துறைமுகத்தில் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும்.

கிளாஸ்கோ வாசி எழுதியது:

அருமையான தகவல் சுவடிப்பிரியன். அதே ஸ்டோர்னோவே துறைமுக வாசலில்தான் 1919 ஜனவரி 1 அதிகாலை ‘அயொலேர்’ என்ற கப்பல் பாறையில் மோதியது. முதல் உலகப் போர் முடிந்து வீடு திரும்பிய கடற்படை வீரர்களில் 200 பேருக்கு மேல் கரையிலிருந்து சில கெஜ தூரத்தில் மூழ்கினார்கள். வீட்டில் அடுப்பு மூட்டிக் காத்திருந்த குடும்பங்கள் விடிந்ததும் பிணங்களைத்தான் பார்த்தன. அந்த இடத்தில் நினைவுத் தூண் இருக்கிறது. போனால் அங்கே சத்தம் போடாமல் நின்றுவிட்டு வாருங்கள்.

அப்படியே லூயிஸின் மேற்குக் கரைக்குப் போனால் காலனிஷ் நெடுங்கற்கள். ஏறத்தாழ 5000 ஆண்டுகளுக்கு முன் நட்டு வைத்தவை. ‘நைஸ்’ என்ற அந்த வகைப் பாறைக்கு முந்நூறு கோடி ஆண்டுகள் வரை வயது சொல்கிறார்கள். கிட்டப் போனால் மரத்தின் வைரம் போல் வரி வரியாகத் தெரியும்.

கடலூர்க்காரர் எழுதியது:

எல்லாம் சரி, ஒரு சந்தேகம் கேட்கிறேன். காற்று அடித்தால் ஃபெர்ரி ரத்தாகும் என்று படித்தேன். வயதானவர்களை வைத்துக்கொண்டு ஒரு தீவில் மாட்டிக்கொண்டு, ஊர் திரும்பும் விமானத்தை விட்டுவிட்டால்? ஸ்கைக்கு 1995-லேயே பாலம் போட்டாச்சு, கப்பலே தேவையில்லை. பேசாமல் அங்கேயே இருந்துவிட்டு வரலாமே?

யாழ்வாணி எழுதியது:

நீங்கள் கேட்டது நியாயமான பயம். ஆனா ஜூனிலை காத்தாலை கப்பல் நிக்கிறது குளிர் காலம் மாதிரி இல்லை. அப்பிடி நிண்டாலும் உங்கட பதிவை அடுத்த கப்பலுக்கு மாத்தித் தருவினம். இந்தச் சங்கிலியின்ர நல்ல குணம் என்னெண்டா வெளிய வர ஒரு வாசல் மட்டும் இல்லை. வடக்கு யூயிஸ்டிலை லாக்மாடியிலை இருந்தும் ஹாரிஸிலை டார்பெர்ட்டிலை இருந்தும் ஸ்கைக்குக் கப்பல் போகுது. தெற்கு யூயிஸ்டிலை லாக்பாய்ஸ்டேல் எண்ட இடத்திலை இருந்து பெருநிலத்திலை இருக்கிற மலேய்க்கிற்குப் போகுது. பெருநிலத்துக்கு வந்த பிறகு கடைசியாக் குறைஞ்சது ரண்டு இரவு வைச்சிருங்கோ. விமானத்துக்கு முதல் நாள் தீவிலை நிக்காதேங்கோ, அவ்வளவுதான்.

ஸ்கையிலை சனம் அதிகம். கோடையிலை ஃபேரி பூல்ஸ், ஓல்ட் மேன் ஒஃப் ஸ்டோர் பக்கம் கார் விட இடம் தேடியே நேரம் போயிடும். வயசான ஆக்களுக்கு அந்த மலை ஏத்தமும் சரிவராது. யூயிஸ்டிலை காரை விட்டு இறங்கினா மணல்தான், அம்மா தானா நடந்து போனவ.

பாராவிலை நிக்கேக்கை விமான நிலையத்துக்குப் போங்கோ. கடல் வத்தின நேரம் மணல்தான் ஓடுபாதை. சின்ன விமானம் தண்ணியைத் தெறிச்சுக்கொண்டு வந்து இறங்கும். நேரம் வத்துப்பெருக்கைப் பொறுத்தது, முதல் நாளே கேட்டு வைச்சுக்கொள்ளுங்கோ. மகளுக்கு இதைவிட வேற ஒண்டும் தேவைப்படாது.

நெடுஞ்சாலை நேசன் எழுதியது:

படிச்சுப் பார்த்ததுல எனக்கே இந்த வழி பிடிச்சுப்போச்சுங்க. வீட்டுல வயசானவங்க இருக்கறப்ப இதுதான் சரி. ஆனா ஒண்ணு கேட்கணும், இந்தக் கொசு மாதிரி ‘மிட்ஜ்’ பூச்சி பத்தி யாருமே சொல்லலையே? டொரிடன்ல என்னைப் பிடுங்கி எடுத்துடுச்சு.

வண்டிக்காரி எழுதியது:

சரியாகக் கேட்டீர்கள். மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை இருக்கும். காற்று இல்லாத, மேகம் போட்ட காலையிலும் மாலையிலும் கூட்டமாக வரும். மணிக்கு ஏழு மைல் வேகத்துக்கு மேல் காற்று அடித்தால் அதால் பறக்க முடியாது. வெளி ஹெப்ரிடீஸின் திறந்த கரையில் காற்று இருந்துகொண்டே இருப்பதால் தொல்லை குறைவு. கிளென்கோ மாதிரி பள்ளத்தாக்கில்தான் அதிகம். தலையை மூடுகிற வலை ஒன்று வாங்கிக் காரில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். புல்லில் நடந்து வந்தால் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று குழந்தையின் காலை அன்றன்றே பாருங்கள்.

சாப்பாட்டு விஷயம்: தினமும் உணவகத்தை நம்பினால் அம்மாவுக்குச் சூப்பும் உருளைக்கிழங்கு வறுவலும்தான் மிஞ்சும். சமையலறை உள்ள வீடாக எடுங்கள். அரிசி, பருப்பு, ரசப்பொடி, ஒரு சின்னக் குக்கரைக் கிளாஸ்கோவிலேயே வாங்கி ஏற்றிவிடுங்கள். காசில்பேயிலும் பென்பெக்யூலாவிலும் ஸ்டோர்னோவேயிலும் கூட்டுறவுக் கடை இருக்கிறது, பால், தயிர், காய் கிடைக்கும். காலை உணவுத் தட்டில் கறுப்பாக வட்டமாக ஒன்று வைத்தால் அம்மா தொட வேண்டாம், ஸ்டோர்னோவே பிளாக் புட்டிங் ரத்தத்தில் செய்வது. ரோட்டோரம் சின்னப் பெட்டிக்குள் கேக், முட்டை வைத்து விலை எழுதியிருப்பார்கள், ஆள் இருக்க மாட்டார்கள். சில்லறை பவுண்டு கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

வைகைக்கரை எழுதியது:

வீட்டில் உட்கார்ந்து பேசி முடித்துவிட்டோம். கிளாஸ்கோவில் இறங்கியதும் ஓய்வு. பிறகு கிளென்கோ வழியாக ஓபன். சனிக்கிழமை பாரா, அங்கே இரண்டு இரவு. யூயிஸ்டில் ஒரே வீட்டில் கொஞ்சம் நீளமாகத் தங்கி அக்கம்பக்கம் பார்ப்பது. பிறகு ஹாரிஸில் ஒரு வீடு, லூயிஸை அங்கிருந்தே பகலில் போய்ப் பார்ப்பது. ஸ்டோர்னோவே, உல்லாப்பூல், இன்வெர்னஸ், ஏ9 வழியாகத் திரும்புதல். கடைசி இரண்டு இரவு எடின்பரோ. மெக்கன்சி பற்றிக் கேட்டதும் அப்பா அவருடைய பழைய சங்கிலி அளவைப் புத்தகங்களை அலமாரியிலிருந்து எடுத்து வைத்துவிட்டார். மலையகக் குரல் அக்கா, பெர்த் பக்கம் வரும்போது டன்சினன் குன்றைப் படம் எடுத்து இங்கே போடுகிறேன்.

ஒரே கேள்வி: கிழமை ஏதாவது பார்க்க வேண்டுமா?

கிளாஸ்கோ வாசி எழுதியது:

கட்டாயம் பார்க்க வேண்டும். உங்கள் முதல் ஞாயிறு பாராவில் வருகிறது, அது நல்லது. பாராவும் தெற்கு யூயிஸ்டும் கத்தோலிக்கர் அதிகம் உள்ள தீவுகள், பூசை முடிந்தால் ஊர் வழக்கம்போல நடமாடும். லூயிஸும் ஹாரிஸும் அப்படியில்லை. ஞாயிறை ஓய்வுநாளாக அனுசரிக்கிற சபைகள் வலுவாக உள்ள இடம். ஸ்டோர்னோவேயிலிருந்து ஞாயிற்றுக்கிழமைக் கப்பல் 2009-இல்தான் வந்தது, அங்கே பெரிய சூப்பர் மார்க்கெட் ஞாயிறு திறக்க ஆரம்பித்ததே 2024 நவம்பரில். இரண்டாவது ஞாயிறு உங்களுக்கு ஹாரிஸில் வரும். சனிக்கிழமையே பெட்ரோல் நிரப்பி, பாலும் ரொட்டியும் வாங்கிவிடுங்கள். அன்று கடற்கரையில் நடங்கள். தேவாலயத்துக்கு முன்னால் வண்டி நிறுத்துவதோ, வீட்டு வாசலில் துணி காயப்போடுவதோ வேண்டாம். யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள், இருந்தாலும் அவர்கள் ஊர் வழக்கத்துக்கு நாம் கொடுக்கிற மரியாதை அது.

ஹாரிஸ் ட்வீட் என்ற கம்பளித் துணி வாங்க நினைத்தால் திங்கள் வைத்துக்கொள்ளுங்கள். 1993-இல் வந்த தனிச் சட்டப்படி, இந்தத் தீவுவாசிகள் தங்கள் வீட்டிலேயே கையால் நெய்தால்தான் அந்தப் பெயர். கோளமும் சிலுவையும் உள்ள முத்திரையைப் பார்த்து வாங்குங்கள். தறி ஓடுகிற கொட்டகைக்கு வெளியே பலகை வைத்திருந்தால் கேட்டுவிட்டு உள்ளே போகலாம், பெடலை மிதித்து நெய்வதைப் பார்க்கலாம்.

தங்கும் வீடுகள் பல சனி முதல் சனி வரை ஒரு வாரக் கணக்கில்தான் கொடுப்பார்கள். குறைந்த இரவுக்குக் கொடுப்பாரா என்று உரிமையாளருக்கு எழுதிக் கேளுங்கள், நடுவில் காலியாக இருந்தால் சம்மதிப்பார்கள். கப்பலில் காரை விட்டு இறங்கும்போது ஹேண்ட் பிரேக் போட்டு, கியரில் விட்டு, அலாரத்தை அணைத்துவிடுங்கள். பெரிய கப்பல்களில் பயணத்தின்போது கார் தளத்தில் இருக்க விடமாட்டார்கள், அம்மாவின் மருந்துப் பையைக் கையோடு மேலே எடுத்துப் போங்கள். படி ஏற முடியாதென்றால் பதிவின்போதே சொல்லுங்கள், லிஃப்டுக்குப் பக்கத்தில் காரை நிறுத்த வைப்பார்கள்.

முன்பதிவு திறந்ததும் ஓபன்–காசில்பே டிக்கெட்டை முதலில் பாருங்கள், இந்த வழியில் காருக்கு இடம் கிடைக்கச் சிரமமானது அதுதான். உங்கள் சனிக்கிழமைக்கு இல்லையென்றால் முழு வழியையும் திருப்பிப் போட்டு உல்லாப்பூலிலிருந்து தொடங்குங்கள், பார்க்கிற இடம் எதுவும் குறையாது. அப்படிச் செய்தால் முதல் ஞாயிறு லூயிஸில் விழும், வியாழக்கிழமையே அங்கே போய்ச் சேருகிற மாதிரி தேதியை நகர்த்துங்கள். எல்லா ஃபெர்ரியும் உறுதியான பிறகே வீடுகளுக்கு முன்பணம் கட்டுங்கள்.